மறியல் வாசலில் பிசைந்த சோறு

முருங்கைக்காயை நீளவாக்கில் கீறி, சதையை வழித்தெடுத்து, அந்த இடத்தில் வேறொன்றை வைத்து, நூலால் கட்டிக் குழம்பில் இறக்கினால், வெந்த பிறகு கீறல் தெரியாது. சமையலில் ஓரளவு கைபழகியவளான நான் இதை எந்தக் குசினியிலும் கற்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வவுனியாவில், விளக்கமறியற் கைதிகளைத் தற்காலிகமாக வைத்திருந்த ஒரு கட்டடத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தபோது கற்றேன். கற்பித்தவள், பிடிபட்ட பிறகும் முகம் வாடாத ஒரு பெண். "நூல் அறுந்திட்டுது ரீச்சர். இல்லாட்டி நீங்கள் கண்டிருக்க மாட்டியள்" என்றாள், என் மீது சற்றே இரக்கம் கொண்டவள் போல.

நான் ஆசிரியை அல்லேன். குளத்துப் பாய்ச்சலை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய, நெல் விதைக்கும் குடும்பத்தில் வளர்ந்து, எங்கள் குடியேற்றத்து வாசிகசாலையைச் சில காலம் பார்த்துக்கொண்டவள். சண்டை எங்களை நகரத்துக்குத் தள்ளிவிட்டபோது, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டு வந்த முதல் வேலையை ஏற்றேன். மறியலில் இருப்பவர்களைப் பார்க்க வரும் பெண்களைச் சோதிப்பதும் அவர்கள் கொண்டுவரும் சாப்பாட்டைச் சோதிப்பதும்தான் அந்த வேலை. மேசையில் எப்போதும் ஒரு புத்தகம் இருந்ததனால் வரிசையில் நின்றவர்கள் என்னை 'ரீச்சர்' ஆக்கிவிட்டார்கள். திருத்த முயன்றேன், பிறகு விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டடம் முன்பு நெற்களஞ்சியமாக இருந்தது. முதல் மழை விழுந்ததும் சுவரிலிருந்து உமி வாசனை எழும். அப்போது உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் சொல்லிவைத்தாற்போல மௌனமாகிவிடுவார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வயலை விட்டு வந்தவர்கள்.

விளக்கமறியலில் இருப்பவர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர். ஆதலால் வீட்டுச் சாப்பாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் கொண்டுவருபவர் ஒவ்வொரு கறியிலும் ஒரு வாய் எடுத்து எங்கள் முன் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். நஞ்சுக்குப் பயந்து உண்டான விதி அது. நாளடைவில் கஞ்சாவுக்கும், தூள் என்று எல்லோரும் சொல்லும் ஹெரோயினுக்கும் எதிரான முதற்காவலாக மாறிவிட்டது. தான் ஒளித்து வைத்ததைத் தானே மெல்ல ஒருவரும் விரும்புவதில்லை. சோற்றின் எந்த மூலையிலிருந்து எடுக்கிறார்கள், எந்த மூலையைத் தவிர்க்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு என்னிடம் ஓர் ஈர்க்கு இருந்தது. தலைமைக் காவலரிடம் கூராக்கிய சைக்கிள் கம்பி ஒன்று இருந்தது.

தலைமைக் காவலர் சிங்களவர். வவுனியாச் சந்தையில் மரக்கறி வாங்கி வாங்கியே தமிழ் கற்றவர். அதனால் அவருடைய தமிழில் எப்போதும் ஒரு பேரம் பேசும் தொனி இருக்கும். வாழைப்பழச் சீப்போடு வந்த ஒரு தாய் அவருடைய கம்பியைக் கண்டு கோபித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

"வாழைப்பழத்துக்குள்ள என்னத்தை வைக்கிறது, தம்பி? அதைக் கடவுள் தன்ர கையால மூடியெல்லோ அனுப்பினவர்!"

"கடவுள் மூடினதை யாரோ திறந்திருக்காங்க, அம்மா. இங்க பாருங்க, காம்புல தையல்."

"அது… அது கிளி கொத்தினது."

"கிளிக்கு ஊசி நூல் யார் குடுத்தது?"

வரிசை முழுவதும் சிரித்தது. அந்தத் தாயும் சிரித்துவிட்டார். காம்புக்குள் இருந்தது பீடிச் சுருள்தான் என்பதால் எச்சரிக்கையோடு முடிந்தது. எல்லா நாளும் அப்படிச் சிரிப்போடு முடிந்ததென்று சொல்ல மாட்டேன்.

தூள் பழகியவர்களை மறியலுக்கு வந்த அன்றே அடையாளம் காணலாம். மூக்கு ஒழுகும்; ஓயாமல் கொட்டாவி வரும்; வெயிலில் நின்றும் நடுங்குவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வைத்தியர் வலிக் குளிசை எழுதிக் கொடுப்பார். மற்றதெல்லாம் தலைமைக் காவலரின் கைவைத்தியம். கிணற்றடியில் உட்காரவைத்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொத்தமல்லியை அவித்துச் சீனி போட்டுக் குடிக்கக் கொடுப்பார். உடம்பு கொஞ்சம் தெளிந்ததும் விறகு கொத்த விடுவார். "தண்ணி, மல்லி, கோடாலி. வேற மருந்து எனக்குத் தெரியாது, அக்கா" என்பார். அந்த மருந்துக்கு ஒரு பத்தியமும் இருந்தது: வீட்டுச் சோறு.

ஏனென்றால், சாப்பாடு கொண்டுவர ஆளில்லாதவர்களுக்கு உள்ளே இருந்த கைதி ஒருவர் சாப்பாடு கொடுத்தார். எல்லோரும் அவரை 'மாமா' என்று அழைத்தார்கள். அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. ஆனால் அவரிடம் எப்போதும் மீன்பொரியலும் பீடியும் இருந்தன. மறியல் சோற்றைப் பார்த்துக் கண்கலங்கும் புதியவனை அருகில் கூப்பிட்டு, தன் தட்டிலிருந்து பகிர்வார். சில நாட்களில் அந்த விருந்தாளி அவருக்காக எதையாவது வாங்கி ஒளிப்பவனாகவோ, அவரிடமே தூள் வாங்கிப் புகைப்பவனாகவோ ஆகிவிடுவான். அறையைக் குடைந்து தேடினால் அவரிடம் ஒன்றும் இருக்காது. மற்றவர்களிடம்தான் இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி பிறப்பதற்குச் சற்று முன், மன்னார் வீதியில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். லொறிகள் நிற்கும் வளவில், சுருட்டிய வெள்ளித்தாளில் கொஞ்சம் தூளோடு பிடிபட்டவர். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து, புளியங்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிப் பயிர் செய்த குடும்பம். அங்கிருந்தும் பெயர்ந்து நகரத்துக்கு வந்து, மூட்டை தூக்கும் உடல்வலிக்கென்று லொறிக்காரர் ஒருவர் கொடுத்ததை முகர்ந்து பழகியவர். மறுநாள் அவருடைய மனைவி வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் மூன்று தட்டுள்ள அலுமினியச் சாப்பாட்டுக் கரியர்.

அவளிடம் எனக்கு முதல் நாளிலேயே பிடித்தது, அவள் அழாததுதான். மேசைக்கு எதிரில் நின்று, கணக்கு ஒப்புவிப்பவள் போல எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"டீச்சரம்மா, நான் ஒன்னும் மறைக்க மாட்டேங்க. அவரு தூள் அடிச்சாருதான். நல்ல மனுசன்தான், கெட்டுப் போயிட்டாரு. உள்ள இருக்கிறப்போ விட்டுட்டாருன்னா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். உள்ளயும் தொட்டாருன்னா, புள்ளைய தூக்கிக்கிட்டு அட்டன்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வவுனியாவ விட்டுப் போறதுக்கு ஆமிக்காரங்க குடுக்கிற பாஸுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அவருகிட்டயும் சொல்லிட்டேங்க."

"அவர் என்ன சொன்னவர்?"

"சோறு கொண்டு வான்னாரு."

அவள் கொண்டுவந்த சோறு என்றும் எளிமையானது: பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஏதேனும் ஒரு கீரை. ஆனால் மூன்று தட்டுகளையும் அவள் அடுக்கியிருந்த விதத்தில், வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பரிமாறும் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுவாள். குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுவாள். நான் ஈர்க்கால் குத்திப் பார்த்து உள்ளே அனுப்புவேன். உள்ளே போன கரியர் ஒட்ட வழித்துச் சாப்பிட்டுக் காலியாகத் திரும்பி வரும். அவள் மூடியைத் திறந்து அடித்தட்டைப் பார்ப்பாள், திருப்தியோடு மூடுவாள்.

"தூள் அடிக்கிறவங்களுக்கு சோறு எறங்காதுங்க" என்று ஒருநாள் விளக்கினாள். "வீட்டுல அவரு ஆரம்பிச்சப்போ எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது. தட்டுல கோலம் போட்டுட்டு எந்திரிச்சிருவாரு. இப்ப பாருங்க, பருக்கை இல்ல."

பிறகு கௌரி விரதம் தொடங்கியது. கணவனுக்காக மனைவியர் இருபத்தொரு நாள் நோற்கும் அந்த விரதத்தை அவள் அதற்கு முன் பிடித்ததில்லை. அவர்கள் தங்கியிருந்த அகதி முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த முள்ளியவளைப் பெண்களிடம் கேட்டுத் தொடங்கியிருந்தாள். புதிதாகப் பிடிப்பவர்களுக்கே உரிய கண்டிப்போடு பிடித்தாள். மாலையில் பூசை முடிந்த பிறகுதான் ஒருவேளைச் சாப்பாடு. அதற்கு முன் ஒரு பருக்கை நாவில் பட்டாலும் விரதம் கழிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனவே முதல் நாள் நண்பகலில், கரியரை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டுக் காட்டுங்க" என்றார் தலைமைக் காவலர்.

"மாட்டேங்க."

அந்த வாசலில் சாப்பிட மறுத்தவர்களுக்கு ஒரே காரணம்தான் இருந்திருக்கிறது. தலைமைக் காவலர் கம்பியைக் கையில் எடுத்தார்.

"ஏன் மாட்டேன்?"

"நோன்புங்க."

"நோன்புன்னா தலையில துணி போடணும் தானே? இவங்க போடல்லையே, அக்கா?"

அவருக்குத் தெரிந்த நோன்பு சந்தையில் இருந்த முஸ்லிம் வியாபாரிகளின் நோன்பு. இது வேறு என்று விளக்கினேன். புருசனுக்காக இருப்பது, பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது என்றேன். சற்று யோசித்தார்.

"பௌர்ணமிப் போயாவுக்கு எங்கட அம்மா விகாரையில சில் எடுத்துச் சாப்பிடாம இருக்கிற மாதிரியா?"

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப சாப்பிட வைக்கக் கூடாது. பாவம்." கம்பியைக் கீழே வைத்தார். "ஆனா யாராவது சாப்பிடணும். சட்டம்."

"நான் சாப்பிடுறன்" என்றேன்.

"நீங்க செத்தா மேசையில யார் இருக்கிறது?"

"அவவின்ர பூசணிக்காய்க் கறியால ஒருத்தரும் சாகமாட்டினம், சேர். குடுங்கோ."

அன்றிலிருந்து அவளுடைய சோற்றில் முதல் வாயை நான் சாப்பிட்டேன். கறிக்குக் கடைசியில் கொஞ்சம் சோம்பு வறுத்துத் தூவியிருப்பாள். எங்கள் வீடுகளில் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நன்றாக இருந்தது, அவளிடமும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. "ரீச்சருக்கு மத்தியானச் சாப்பாடு வந்திட்டுது, வழி விடுங்கோ!" என்று கத்துவார்கள். "நாளைக்கு எங்கட குழம்பையும் ஒருக்கா ருசி பாருங்கோவன், என்ன ஓரவஞ்சனை இது!" நானே சாப்பிட்ட சோற்றை மறுபடி குத்திக் கிளற எனக்கும் கை வரவில்லை. ஈர்க்கு மேசையிலேயே கிடக்கும். கரியர் அப்படியே உள்ளே போகும்.

விரதம் பாதியைத் தாண்டிய ஒருநாள் கரியர் கனமாகத் திரும்பி வந்தது. அவள் மூடியைத் திறந்தாள். சோறு போட்டபடியே இருந்தது. கறி ஆடை படிந்து கிடந்தது. அவள் மூடினாள். மறுநாளும் அவ்வாறே. அன்று பார்வையிடும் நாள். அவள் உள்ளே சென்று கணவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்வையிடும் இடத்தில் இரண்டு கம்பிவலைகள், நடுவே ஒரு காவலர் நடக்கும் அளவுக்கு இடைவெளி. இரு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். திரும்பி வந்து என் மேசையில் கரியரை வைத்தாள்.

"சோறு கொண்டு வராதங்கிறாரு. ஏன்னு கேட்டா தலைய குனிஞ்சுக்கிறாரு. கொண்டு வராத, கொண்டு வராத, அவ்ளோதான்." குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சு போச்சு டீச்சரம்மா. நோன்பு முடியிற வரைக்கும் இருப்பேன். எடுத்தத முடிக்கணும். அதுக்கப்புறம் அண்ணன் வீடுதான்."

"அவசரப்படாதேங்கோ, பிள்ளை. நான் விசாரிச்சுச் சொல்லுறன்."

"என்னத்த விசாரிக்கப் போறீங்க? சோறு சொல்லுது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சோற்றைக் கொண்டு அவள் கணவரை அறிந்திருந்தாள். ஆனால் எனக்கு ஒன்று பொருந்தவில்லை. காலையில்தான் அவர் கிணற்றடியில் விறகு கொத்துவதை வாசலிலிருந்து பார்த்தேன். தூளுக்குத் திரும்பியவர்கள் வேலையை நிழலுக்கு இழுப்பார்கள். இவர் வெயிலில் நின்று, கட்டைமேல் பழி தீர்ப்பவர் போலக் கொத்திக்கொண்டிருந்தார். தலைமைக் காவலரிடம் சொன்னேன். அவர், வாசலுக்கு விறகு அடுக்கவென்று அந்த இளைஞரை வரவழைத்தார். வரிசை கலைந்த பிற்பகல் நேரம். நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம்.

"தம்பி, சோறு ஏன் திரும்பிப் போகுது?" என்று கேட்டேன்.

விறகை அடுக்கியபடியே இருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"நீங்க எங்க வீட்டுச் சோத்த குத்திப் பாக்கிறதில்லயாமே, டீச்சர்?"

"ஓம். நான்தான் சாப்பிட்டுப் பாக்கிறனே."

"அது உள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு." இன்னொரு விறகை வைத்தார். "மாமா கூப்பிட்டாரு. 'டீச்சர் வாய் வைக்கிற சோத்துல யாரும் கம்பி போட மாட்டாங்க. அடித்தட்டுல எவ்ளோ எடம் இருக்கு. வெளிய நம்ம ஆளு உன் பொஞ்சாதிகிட்ட ஒரு பொட்டலம் குடுப்பான், நீ அவகிட்ட சொல்லி வை' ன்னாரு. முடியாதுன்னா என்னைய முறிப்பாங்க. சரின்னா அவ மாட்டுவா, புள்ளையோட. அந்தக் கம்பிவலைகிட்ட இத எப்பிடிங்க கத்திச் சொல்றது? அதான் சோறே வேணாம்னுட்டேன். சோறு வராட்டி பொட்டலமும் வராதில்ல."

"மறியல் சோறு சாப்பிடுறீங்களா?" என்றார் தலைமைக் காவலர்.

"ரெண்டு நாளா மல்லித் தண்ணிதாங்க." முதன்முறையாகச் சிரித்தார். "மாமா மீன் பொரியல் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

அவர் உள்ளே போன பிறகு, எங்களுக்குள் கதை நீண்டது. மாமாவை வேறிடம் மாற்ற மேலிடத்துக்கு எழுதலாம். ஆனால் யார் சொன்னது என்ற கேள்வி அந்த இளைஞரின் முதுகில்தான் விழும். அவளுடைய சோற்றை நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் அவர் மாமாவின் தட்டருகே போய்ச் சேருவார். அவள் அட்டனுக்குப் போவாள். தலைமைக் காவலர் சைக்கிள் கம்பியை விரலால் சுண்டிச் சுண்டி யோசித்தார்.

"அக்கா, அந்தக் கரியர்ல ஒண்ணும் போக முடியாதுன்னு உள்ள எல்லாருக்கும் தெரியணும். அவ்வளவுதானே?"

"ஓம்."

"அப்ப நாளைக்கு நான் கெட்டவன் ஆகுறேன்."

"அவவுக்கு முதலே சொல்லிப்போடுவம், சேர்."

"சொன்னா அவங்க முகத்துல தெரியும். அந்த முகம் பொய் சொல்லாது. வரிசையில மாமாட ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாதே."

இருந்தாலும் வாசலுக்கு வெளியே அவளைப் பிடித்து, ஒன்றை மட்டும் சொன்னேன்: "அவர் தூளைத் தொடேல்லை. என்னை நம்பி இன்னும் கொஞ்ச நாளைக்குச் சோறு கொண்டு வாங்கோ." நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் வந்தாள்.

வரிசை நீளமாக இருந்த நேரம் பார்த்துத் தலைமைக் காவலர் எழுந்தார். அவளுடைய கரியரைத் தன் பக்கம் இழுத்தார். பெரிய தாம்பாளம் ஒன்றை எடுத்து, சோற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பருப்பை அதன் மேல் ஊற்றினார். பூசணிக்காயையும் கீரையையும் கொட்டினார். பிறகு இரண்டு கைகளாலும், வரிசையின் கடைசி ஆளுக்கும் தெரியும்படி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தார். பூசணித் துண்டுகள் ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் நசுக்கினார். வெறுமையான தட்டுகளைக் கவிழ்த்துத் தட்டினார். மூடியின் விளிம்பைக் கம்பியால் சுரண்டினார்.

"இனி இந்தக் கரியருக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்!" என்று உரத்துச் சொன்னார். "ரீச்சர் சாப்பிட்டாலும் இப்பிடித்தான், ராசா சாப்பிட்டாலும் இப்பிடித்தான்!"

அவள் அப்போதுதான் அழுதாள். மறியலுக்கு வந்த நாளிலிருந்து அழாதவள்.

"நாய்க்கு வைக்கிற மாதிரி ஆக்கிட்டீங்களே! நோன்பு இருந்து ஆக்குன சோறுய்யா அது! பொம்பள ஆக்குனத இப்பிடிக் கொட்டிப் பெசையிறீங்களே, ஒங்க வீட்டுல பொம்பளைங்க இல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க! தினம் சாப்பிட்டீங்கல்ல? நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு வரியும் கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசையில் சிலர் அவள் பக்கம் பேசினார்கள். "அவனுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிசைந்த சோறு தட்டுகளில் அள்ளி வைக்கப்பட்டு உள்ளே போயிற்று. அது போய்ச் சேருமுன்பே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் செய்திக்குச் சுவர் கிடையாது.

அன்று பின்னேரம் கரியர் திரும்பி வந்தது. காலியாக மட்டுமல்ல, கழுவி, சாம்பல் போட்டு விளக்கி, மூன்று தட்டும் பளபளவென்று வந்தது. அவள் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

விரதத்தின் மீதி நாட்கள் இப்படியே கழிந்தன. அவள் வருவாள், நான் ஒரு வாய் சாப்பிடுவேன், தலைமைக் காவலர் கொட்டிப் பிசைவார். அவள் திட்டுவாள். நாளுக்கு நாள் திட்டு வளம்பெற்றது. மலைநாட்டு வசவுகளில் எத்தனை அழகான உவமைகள் உண்டென்று நான் அந்த நாட்களில்தான் அறிந்தேன். தலைமைக் காவலர் புரியாத சொற்களின் பொருளை வரிசை கலைந்த பின் என்னிடம் கேட்பார். "'கட்டையில போறவனே' ன்னா என்ன, அக்கா?" நான் சொன்னதும், "அது கொஞ்சம் கூடிப்போச்சு" என்று வருந்துவார். மறுநாள் மறுபடி பிசைவார். பிசைவதற்கு முன் வாசற் குழாயடிக்குப் போவார், திரும்பி வருவார். அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு முதல்நாளோ அன்றோ, மழை விடாமல் பெய்த ஒரு நண்பகலில், வரிசையில் ஆட்கள் குறைவாக இருந்தபோது, அவள் திட்டாமல் நின்றாள். தலைமைக் காவலர் சோற்றைக் கவிழ்த்தார். திட்டு வராததால் அவருக்கே கை தயங்கியது. அவள் என் பக்கம் குனிந்தாள்.

"டீச்சரம்மா, ஒன்னு கேக்கட்டுங்களா? மத்தவங்க சோத்துல இவரு வெறும் கம்பிய விட்டுட்டு அனுப்பிடறாரு. எங்க சோத்துலதான் கை வைக்கிறாரு. ஆனா கை வைக்கிறதுக்கு முந்தி, குழாயடிக்குப் போயி சோப்பு போட்டு, மொழங்கை வரைக்கும் கழுவிட்டு வர்றாரு. சோத்த கெடுக்கணும்னு நெனைக்கிறவன் எதுக்குங்க சோப்பு போடுறான்?"

நான் தலைமைக் காவலரைப் பார்த்தேன். அவர் பிசைந்துகொண்டே கூரையிலிருந்து ஒழுகும் நீரைப் பார்த்தார்.

"சரி, சொல்ல வேணாம்" என்றாள் அவள். "அவரு சாப்பிடுறாரு. எனக்கு அது போதும்." பிறகு குரலை உயர்த்தி, வரிசையில் நின்ற நான்கைந்து பேருக்கும் கேட்கும்படி, "பாழாப் போறவனே, பூசணிக்காய விட்டுட்டியே, அதையும் நசுக்கு!" என்றாள்.

தலைமைக் காவலர் மிகுந்த மரியாதையோடு பூசணிக்காயை நசுக்கினார்.

மாமாவின் வியாபாரம் அதனால் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு வேறு கைகள் கிடைத்தன. எங்களுக்கு வேறு முருங்கைக்காய்கள் கிடைத்தன. சிலரைப் பிடித்தோம், பலரைத் தவறவிட்டோம். கிணற்றடியில் நடுங்கி நின்றவர்களில் சிலர் தெளிந்து போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கும் அதே வாளி, அதே மல்லி. அந்த வாசலில் நாங்கள் தோற்ற நாட்களே அதிகம். இருந்தும், தலைமைக் காவலர் ஒருமுறைகூட திரும்பி வந்தவனை "மறுபடியுமா?" என்று கேட்டதில்லை. "மெலிஞ்சு போயிட்டே" என்பார், வாளியை எடுப்பார்.

விரதம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, மில் முதலாளி கையெழுத்திட, நீதிமன்றம் அந்த இளைஞருக்குப் பிணை கொடுத்தது. அவள் குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அட்டனுக்குப் போவதற்கான பாஸ் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் காட்டினாள். "கெடைச்சத வீணாக்கக் கூடாதில்ல" என்று சொன்னாளே தவிர, போகிறேன் என்றோ போகவில்லை என்றோ சொல்லவில்லை. பையில் மாற்றுத் துணி இருந்ததா என்று சோதிக்க எனக்கு அதிகாரம் இருந்தது. சோதிக்கவில்லை.

அவர் வெளியே வந்தார். அவள் அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள், சந்தையில் மாடு பார்ப்பவள் போல. கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள்.

"சதை போட்டிருக்கு" என்றாள்.

"உன் சோறுதானே" என்றார் அவர்.

"எஞ்சோறு வீட்டுலயுந்தான் இருந்திச்சு. அப்ப எறங்கல." தலைமைக் காவலரைத் திரும்பிப் பார்த்தாள். "பெசஞ்சு குடுத்தாத்தான் இந்தப் புள்ளைக்கு எறங்கும்னு யாருக்குத் தெரியும்? இனிமே நானும் அப்பிடியே குடுத்துட்டுப் போறேன்."

தலைமைக் காவலருக்கு எல்லாம் புரிந்ததோ இல்லையோ, காது மடல் வரை சிரித்தார். "கை கழுவணும், தங்கச்சி. மறக்காதீங்க" என்றார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோம்பும் மழை ஈரமும் கலந்த வாசனை அவள் சேலையில் இருந்தது. பிறகு கரியரைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் சந்தி தெரியும். வலப்பக்கம் திரும்பினால் கண்டி வீதி; தெற்கே, அட்டன் பக்கம் போகும் பஸ்கள் அங்கேதான் நிற்கும். இடப்பக்கம் மன்னார் வீதி; அவருடைய மில்லும் அவர்களுடைய முகாமும் இருந்த பக்கம். நான் மேசையை விட்டு எழுந்து நின்று பார்த்தேன். சந்தியில் அவள் நின்றாள். அவரும் இரண்டடி பின்னால் நின்றார். கரியரை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். குழந்தை எதற்கோ சிணுங்கியது. அவள் குனிந்து அதற்கு என்னவோ சொன்னாள். பிறகு குழந்தையை அவரிடம் நீட்டினாள். அவர் கரியரை அவளிடம் கொடுத்து, குழந்தையை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். இருவரும் மன்னார் வீதிப் பக்கம் திரும்பினார்கள்.